ஜேர்மானியம் ஃபஸ் பெடல்: மின்சாரப் பக்கத்துக் கோளாறுகளைக் குறி பார்த்துத் திருத்துதல்

"அண்ணை, ட்ரான்சிஸ்டர் போட்டுது போல கிடக்கு" என்று சொல்லித்தான் எல்லாரும் ஃபஸ் பெடலை, அதாவது கிற்றார்ச் சத்தத்தைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டியை, என்னிடம் கொண்டுவருகிறார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் ட்ரான்சிஸ்டர் நன்றாகவே இருக்கும். கோளாறு மின்சாரம் உள்ளே வரும் வழியில் இருக்கும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போதைய சிலிக்கன் ட்ரான்சிஸ்டர் என்றால் கடையில் இன்னொன்று வாங்கிப் போடலாம். பழைய காலத்து ஜேர்மானியம் அப்படியில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கைக்குக் கிடைப்பது பழைய றேடியோக்களில் இருந்து கழற்றிய ஏசி 128, ஓசி 72, ஜப்பான் றேடியோ என்றால் 2எஸ்பி 75 போன்றவைதான். என் முதல் பெடலில் இருக்கும் இரண்டும் அம்மப்பாவின் றேடியோவில் இருந்தவை. தொண்ணூறுகளில் கரண்டும் இல்லாமல் பற்றரியும் இல்லாமல் இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி நாங்கள் செய்தி கேட்டது அந்த றேடியோவில்தான். சும்மா ஒரு சந்தேகத்துக்காக அப்படிப்பட்ட ஒன்றைக் கழற்றி, சோல்டரிங் சூட்டில் கெடுத்துவிட்டால் திரும்ப வராது. ஆகவே கீழே உள்ளதில் ட்ரான்சிஸ்டரைக் கழற்றுவது எப்போதும் கடைசி வேலை.

இங்கே சொல்வதெல்லாம் 1966இல் இங்கிலாந்தில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடல் மாதிரியான, இரண்டு பிஎன்பி (மைனஸ் மின்சாரத்தில் ஓடும் வகை) ட்ரான்சிஸ்டர் உள்ள சுற்றை மனதில் வைத்து. முதல் ட்ரான்சிஸ்டருக்கு 33 கிலோஓம் தடை, இரண்டாவதுக்கு 8.2 கிலோஓமும் 470 ஓமும், 1 கிலோஓம் ஃபஸ் பொட் (திருகி மாற்றும் தடை). நீங்கள் செய்ததும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். இதில் பற்றரியின் பிளஸ்தான் கிரவுண்ட், அதாவது சுற்றின் பொதுப்புள்ளி. மற்றப் பெடல்களுக்கு நேர் எதிர். பாதிப் பிரச்சினை இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் கிளம்புகிறது.

எந்தக் கோளாறானாலும் முதலில் செய்வது

புது 9 வோல்ட் பற்றரி ஒன்றைப் போடுங்கள். அடப்டரைச் சுவரில் இருந்தே கழற்றுங்கள். கிற்றார், இந்தப் பெடல், அம்ப். நடுவில் வேறு ஒன்றும் வேண்டாம்.

சத்தம் சரியாக வந்தால் பெடலில் பிழையில்லை. அடப்டரிலோ, மற்றவற்றோடு சேர்த்த விதத்திலோதான் பிழை. அடப்டர் சம்பந்தமான தலைப்புகளுக்குப் போங்கள். அப்படியும் வராவிட்டால் பெட்டிக்குள்தான் தேட வேண்டும். ஒரு மீற்றரும் நல்ல பற்றரியும் இருந்தால் இதில் உள்ள அநேகமான சோதனைகளைச் செய்யலாம்.

குறி 1: ஒரு சத்தமும் இல்லை

சுவிட்சை மிதித்து பைபாஸில், அதாவது கிற்றார்ச் சத்தம் ஃபஸ் சுற்றுக்குள் போகாமல் நேரே போகும் நிலையில், வையுங்கள். அப்போதும் கிற்றார் கேட்காவிட்டால் ஜாக், கேபிள், சுவிட்ச் மூன்றில் ஒன்று. அது மின்சாரக் கதையே இல்லை.

பைபாஸில் கேட்கிறது, மிதித்தால் செத்துவிடுகிறது என்றால் பற்றரி கிளிப்பைப் பாருங்கள். எங்கள் ஊரின் உப்புக்காற்றுக்கு அந்தச் சின்னப் பொத்தான்கள் ஆறு மாதத்திலேயே பச்சை பூத்துவிடும். குருநகர், பாசையூர்ப் பக்கம் இருந்து வரும் பெடல்களில் நான் கிளிப்பைத்தான் முதலில் பார்ப்பேன். மீற்றரைப் பற்றரியில் வைக்காதீர்கள், கிளிப்பின் வயர் போர்டில் சேரும் இடத்தில் வையுங்கள். பற்றரியில் 9.4 காட்டி, போர்டில் 3 காட்டினால் கிளிப்தான் ஆள்.

அங்கேயும் ஒன்றும் காட்டாவிட்டால் உள்வரும் ஜாக்கைப் பாருங்கள். அது ஸ்டீரியோ ஜாக். கிற்றார் கேபிளைச் செருகும்போது நடுவளையம் கிரவுண்டோடு தொட்டு, பற்றரி இணையும். சாதாரணப் பெடல் படங்களில் கறுப்பு வயர் நடுவளையத்துக்குப் போகும். எங்கள் சுற்றில் கிரவுண்ட் பிளஸ் என்பதால் சிவப்பு வயர்தான் அங்கே போக வேண்டும். வேறு பெடலின் படத்தைப் பார்த்துக் கறுப்பைப் பற்றவைத்துவிட்டு, "புதுசாய்ச் செய்தது, ஒருநாளும் வேலை செய்யேல்லை" என்று கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். மாற்றிப் பற்றவைத்தால் அநேகமாக உயிர் வரும்.

அதே நேரத்தோடு எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களின் பிளஸ், மைனஸ் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். உள்வரும் 2.2 மைக்ரோஃபரட்டில் பிளஸ் கிற்றார் பக்கம், மைனஸ் ட்ரான்சிஸ்டர் பக்கம். ஃபஸ் பொட்டில் இருக்கும் 20 அல்லது 22 மைக்ரோஃபரட்டில் பிளஸ் கிரவுண்ட் பக்கம்.

குறி 2: தனியே நன்றாக இருக்கிறது, ஒரே அடப்டரில் மற்றவற்றோடு மாட்டினால் எல்லாமே அணைகிறது

அதிகம் வருவது இதுதான். ஒரு பெருநாள் மேடையில் எனக்கே நடந்தது. டிலே, கோரஸ் என்ற மற்ற இரண்டு பெடலும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. பல வாய் உள்ள வயரின் கடைசி வாயை ஃபஸ்ஸில் செருகினேன். மூன்று பெடலின் விளக்கும் ஒன்றாக அணைந்தது. கையை வைத்துப் பார்த்தால் அடப்டர் இஸ்திரிப்பெட்டி மாதிரிச் சுட்டது.

நடந்தது இதுதான். டிலேயில் அடப்டரின் மைனஸ் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறது. ஃபஸ்ஸில் அடப்டரின் பிளஸ் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு பெடலின் கிரவுண்டையும் கிற்றார் கேபிளின் வெளிவலை இணைக்கிறது. ஆக அடப்டரின் பிளஸும் மைனஸும் அந்தக் கேபிள் வழியே நேரே முட்டுகின்றன. பெடல் எதுவும் கெட்டுப்போகாமல் தப்புவது வழக்கம்; அடப்டர் தப்பும் என்று சொல்ல முடியாது.

உறுதிப்படுத்த வழி: அடப்டரைக் கழற்றி, கிற்றார் கேபிள்களை மட்டும் எல்லாப் பெடலிலும் செருகி வையுங்கள். ஃபஸ்ஸின் டிசி ஜாக் (அடப்டர் செருகும் துளை) வெளிப்பக்கத்துக்கும் டிலேயின் டிசி ஜாக் நடு ஊசிக்கும் இடையில் மீற்றரில் தொடர்ச்சி பாருங்கள். பீப் அடித்தால் ஷோர்ட் அங்கேதான்.

*செலவில்லாத தீர்வு.* ஃபஸ்ஸைப் பற்றரியிலேயே விடுங்கள். என் பெடல் இன்றைக்கும் அப்படித்தான். இந்தச் சுற்று இழுப்பது ஒரு மில்லி அம்பியர் அளவு மின்னோட்டம். அதற்கு அடப்டர் தேடுவது, ஒரு தேத்தண்ணிக்குக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றுவது போல. முதலில் வந்த ஃபஸ் ஃபேஸில் அடப்டர் துளையே இருக்கவில்லை.

*கொஞ்சம் செலவு.* ஃபஸ்ஸுக்கு மட்டும் தனி அடப்டர். எர்த் ஊசியோடு தொடர்பில்லாத, வெளிவருவது உண்மையில் 9 வோல்ட் ஆன ஒன்று. டிசி ஜாக்கின் வெளிப்பக்கத்தைக் கிரவுண்டுக்கும் நடு ஊசியைப் போர்டின் மைனஸுக்கும் கொடுக்க வேண்டும். அந்த அடப்டரில் இருந்து வேறு பெடலுக்கு வயர் எடுக்கவே கூடாது. ஒரு துண்டு ரேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள், இரவில் மேடை கட்டும் பெடியளுக்கு இது தெரியாது.

*அதற்கு மேல்.* உள்ளே ஒரு சின்ன ஐசி போட்டு, பிளஸ் 9ஐ மைனஸ் 9 ஆக்குவது. மாக்ஸ் 1044, ஐசிஎல் 7660எஸ், எல்டி 1054 மூன்றும் இந்த வேலைக்கு வரும். 2ஆம், 4ஆம் கால்களுக்கு இடையில் 10 மைக்ரோஃபரட், பிளஸ் 2ஆம் கால் பக்கம். 3 கிரவுண்ட். 5இல் மைனஸ் 9 வரும்; அங்கிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 10 மைக்ரோஃபரட், பிளஸ் கிரவுண்ட் பக்கம். 8க்கு அடப்டரின் பிளஸ். இப்போது பெடலின் டிசி ஜாக் மற்றவற்றைப் போலவே ஆகிவிடும், தாராளமாகச் சேர்த்து மாட்டலாம்.

ஐசி போட்டும் ஒன்றும் வராவிட்டால் அடப்டரை அளந்து பாருங்கள். ட்ரான்ஸ்போமர் உள்ள பழைய பாரமான அடப்டர்களில் 9 என்று எழுதியிருக்கும். இவ்வளவு சின்னச் சுமைக்கு 12, 14 என்று நிற்கும். மாக்ஸ் 1044க்கு 10 வோல்ட்தான் எல்லை, 7660எஸ்ஸுக்கு 12. எல்டி 1054 மட்டும் 15 வரை தாங்கும். விலை கூடினாலும் நான் அதைத்தான் வாங்குகிறேன்.

*எல்லாப் பெடலுக்கும் சேர்த்து.* ஒவ்வொரு வாயும் தனித்தனியே பிரிக்கப்பட்ட பவர் சப்ளை. வாங்கக் காசு இருந்தால் நல்லது. "பல வாய் இருக்கிறது" என்பதும் "பிரிக்கப்பட்டிருக்கிறது" என்பதும் வேறு. வாங்க முன், இரண்டு வாயின் மைனஸுக்கு இடையில் தொடர்ச்சி பாருங்கள். பீப் அடித்தால் அது வெறும் கிளைவயர்தான்.

குறி 3: அடப்டரில் "ம்ம்ம்" என்று உறுமல், பற்றரியில் இல்லை

எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அடப்டர் அதை நேராக்கும்போது 100 ஹேர்ட்ஸ் அலை மிஞ்சும். மற்றப் பெடல்களில் அதை விழுங்க ஏற்பாடு இருக்கும். எங்கள் சுற்றில் ஒன்றும் இல்லை. வருவதை எல்லாம் அது பெருக்கும்.

போர்டுக்கு மைனஸ் வரும் வழியில் ஒரு 100 ஓம் தடை, அதற்குப் பிறகு கிரவுண்டுக்கு ஒரு 100 மைக்ரோஃபரட், பிளஸ் கிரவுண்ட் பக்கம். ஒரு மில்லி அம்பியருக்கு 100 ஓமில் வெறும் 0.1 வோல்ட்தான் குறையும், சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. பெரும்பாலும் இத்தோடு உறுமல் அடங்கும். அடங்காவிட்டால் அடப்டரை மாற்றுங்கள்.

பற்றரியிலும் உறுமினால் அடப்டரைக் குற்றம் சொல்ல முடியாது. கிற்றாரின் கேபிள், பெட்டியின் மூடி கிரவுண்டோடு தொடவில்லை, பக்கத்தில் டியூப் லைட். இடம் மாறி நின்று பார்த்தாலே தெரியும். திருவிழா மேடைகளில் இந்த மூன்றாவதுதான்.

குறி 4: கீச்சென்ற விசில், அல்லது "டக் டக் டக்" என்று படகு மோட்டார் மாதிரி

விசிலும் டக்டக்கும் வேறு வேறு வியாதி.

விசில் என்றால், நீங்கள் போட்ட ஐசியைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாக்ஸ் 1044ம் 7660எஸ்ஸும் ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம் மாறி மாறி வேலை செய்கின்றன. அது காதுக்குக் கேட்கும். அந்த இரண்டிலும் 1ஆம் காலை 8ஆம் காலோடு சேர்த்தால் வேகம் கூடி, காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். எஸ் இல்லாத பழைய 7660இல் 1ஆம் காலுக்கு வேலை இல்லை, அதை மாற்றத்தான் வேண்டும். எல்டி 1054 தொடக்கத்திலேயே காதுக்கு மேலேதான் ஓடுகிறது. அதில் 1ஆம் காலைச் சும்மா விடுங்கள், 8ஓடு சேர்க்காதீர்கள். ஐசியே இல்லாமல் விசில் வந்தால் அது ஃபோன் சார்ஜர் வகை அடப்டரின் வேலை.

டக்டக் என்றால் முதலில் பற்றரி. களைத்துப்போன பற்றரியின் உள்தடை ஏறி, இரண்டாவது ட்ரான்சிஸ்டர் இழுப்பது முதலாவதைக் குலுக்கும். புதியதைப் போட்டும் நிற்காவிட்டால் மேலே சொன்ன 100 மைக்ரோஃபரட்டைப் போர்டுக்குக் கிட்டவே பற்றவையுங்கள்.

பிஎன்பி ட்ரான்சிஸ்டரை வைத்துக்கொண்டே மைனஸைக் கிரவுண்ட் ஆக்கிச் செய்த பெடல்களில் இந்த டக்டக் அடிக்கடி வரும். இணையத்தில் அப்படிப் படங்கள் கிடைக்கின்றன. சில ஓடும், சில எவ்வளவு கப்பாசிட்டர் போட்டாலும் அடங்காது. நான் அதை யாருக்கும் செய்யச் சொல்வதில்லை. ஏற்கெனவே செய்து, அடங்கவும் மாட்டேன் என்றால், பழையபடி பிளஸ் கிரவுண்டுக்கு மாற்றிப் பற்றரியில் ஓட்டுங்கள். அரை மணித்தியால வேலை.

குறி 5: காலையில் தேன், மத்தியானம் திக்குகிறது

இதற்குக் காரணம் எங்கள் வெயில்.

ஜேர்மானிய ட்ரான்சிஸ்டரில் பேஸ் என்ற காலுக்கு ஒன்றும் கொடுக்காமலேயே கொஞ்சம் மின்னோட்டம் கசியும். சூடு 10 பாகை ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிக்கும். இந்தச் சுற்றைக் குளிர்நாட்டு அறையில் வைத்துக் கணக்குப் போட்டார்கள். சித்திரை மாதம், தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? சுரம் தேய்ந்து, கடைசியில் "புர்ர்" என்று அறுந்து அறுந்து வரும். கொண்டுவருபவர் பற்றரி போய்விட்டது என்று நினைப்பார். புதுசு போட்டாலும் மாறாது.

சோதனை: மீற்றரின் கறுப்பைக் கிரவுண்டிலும் சிவப்பை இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலிலும் வையுங்கள். மைனஸ் 4.5 பக்கம் காட்ட வேண்டும் (மைனஸ் காட்டுவது பிழை அல்ல, கிரவுண்ட் பிளஸ் அல்லவா). மத்தியானத்தில் அது மைனஸ் 7, 8 என்று போயிருந்தால் முதலாவது ட்ரான்சிஸ்டர் கசிகிறது. இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் ஒரு சின்ன ஐஸ்கட்டியைப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, முதலாவதின் தொப்பியில் அரை நிமிடம் பிடியுங்கள். மீற்றரில் எண் மெல்ல மெல்லத் திரும்பி வரும், கிற்றாரிலும் சத்தம் வட்டமாகும். தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலிவான தீர்வு, 8.2 கிலோஓம் தடையை எடுத்துவிட்டு 20 கிலோஓம் டிரிம்பொட் போடுவது. மத்தியானச் சூட்டிலேயே 4.5க்குத் திருகி வையுங்கள். அந்தத் திருகைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று காதாலேயே சரிசெய்யலாம். பெடலை வெயிலில் நிறுத்திய வானுக்குள் விட்டுவிட்டு மேடைக்கு எடுத்துவராதீர்கள்.

திருகியும் எட்டாவிட்டால் மட்டுமே முதலாவதை மாற்றுவது. போட முன் அளந்து பாருங்கள். பிஎன்பி என்பதால் எமிட்டரை 9 வோல்ட்டின் பிளஸுக்கும், கலெக்டரை 2.4 கிலோஓம் தடை வழியே மைனஸுக்கும் கொடுத்து, பேஸைச் சும்மா விடுங்கள். தடையின் இரு முனையிலும் காட்டுவது கசிவு: 0.24 வோல்ட் என்றால் 100 மைக்ரோ அம்பியர், நல்லது. 0.7ஐத் தாண்டினால் முதலாவது இடத்துக்கு வேண்டாம். பிறகு பேஸில் இருந்து மைனஸுக்கு 2.2 மெகாஓம் தடையைத் தொடுங்கள். கூடிய வோல்ட்டை நூறால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் பெருக்கம் (மின்னோட்டத்தை எத்தனை மடங்காக்கும் என்பது). முதலாவதுக்கு 70, 80. இரண்டாவதுக்கு 110இல் இருந்து 130. மீற்றரில் இருக்கும் ட்ரான்சிஸ்டர் துளையை நம்பாதீர்கள், அது கசிவையும் பெருக்கம் என்றே கணக்கெடுக்கும். விரலில் பிடித்த சூடு ஆற ஐந்து நிமிடம் விடுங்கள். இந்தத் தெரிவை விடிகாலையில் செய்யாமல் மத்தியானத்தில் செய்யுங்கள். அந்த நேரத்தில் நிற்பது எந்த நேரத்திலும் நிற்கும்.

பற்றவைக்காமல் சொக்கெட்டில் செருகுங்கள். பற்றவைத்தே ஆகவேண்டும் என்றால், காலில் ஒரு முதலைக் கிளிப்பைக் கடிக்கவிட்டுச் சூட்டை அது வாங்கிக்கொள்ளட்டும்.

குறி 6: பற்றரி இரண்டு நாளில் தீர்கிறது

கேபிளைச் செருகியபடியே விட்டீர்களா? மிதித்து அணைத்தாலும் கேபிள் உள்ளே இருக்கும்வரை சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆனாலும் இரண்டு நாளில் தீராது. பற்றரியின் ஒரு முனையைக் கழற்றி, நடுவில் மீற்றரை மில்லி அம்பியரில் வைத்து அளவுங்கள்.

சுமார் 1 காட்டினால் பெடல் சரி, பற்றரிதான் கடையில் நெடுநாள் கிடந்தது. 6, 8 காட்டினால் எல்இடி. அதன் 1 கிலோஓம் தடையை 4.7 ஆக்கினால் ஒன்றரைக்கு வரும், வெளிச்சம் போதும். 10ஐத் தாண்டினால் கசியும் எலக்ட்ரோலிட்டிக் அல்லது கசியும் டயோட்.

விலை கூடிய அல்கலைனைத் தேட வேண்டாம். பெட்டிக்கடையில் விற்கும் சாதாரணக் காபன்-சிங்க் பற்றரிதான் இதற்குப் பொருத்தம். கொஞ்சம் களைத்து 8க்கு இறங்கும்போது சத்தம் இன்னும் இளகும். என் காதுக்கு அதுதான் இந்தப் பெடலின் நல்ல காலம். 7க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள், உள்ளே ஒழுகவிடக் கூடாது.

குறி 7: உள்ளே யாரோ தமிழில் செய்தி வாசிக்கிறார்கள்

மத்திய அலை வானொலி. ஜேர்மானியம் றேடியோவில் செய்த அதே வேலையை இங்கேயும் செய்கிறது. பற்றரிக்கு மாறினால் போய்விடுகிறது என்றால் அடப்டரின் நீள வயர்தான் அன்டெனா. டிசி ஜாக்கில் ஒரு 100 நனோஃபரட் போடுங்கள். பற்றரியிலும் கேட்டால் முதலாவது ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையில் 47 அல்லது 100 பிகோஃபரட்.

வானொலியோடு சேராத இன்னொரு கோளாறு: ஏஎஃப் 117 வகை ட்ரான்சிஸ்டர் போட்டிருந்தால், அவற்றின் தொப்பிக்குள்ளே உலோக மயிர் முளைத்துக் கால்களைத் தொப்பியோடு சேர்த்துவிடும். நான்காவது காலான கவசக் காலை வெட்டிப் பாருங்கள், சில நேரம் பிழைக்கும்.

குறி 8: கிற்றாரின் கம்பியைத் தொட்டால் சுரீர் என்கிறது

இந்த இடத்தில் நிறுத்துங்கள். பெடலைத் திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றுங்கள். 9 வோல்ட் ஒருவரையும் கடிக்காது, கடிப்பது 230.

பெடலைப் பற்றரிக்கு மாற்றி, அடப்டர் எதுவும் செருகாமல், புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அதையும் செய்ய வேண்டாம் என்பேன். லேசான நெருநெருப்பு, மலிவான அடப்டரில் இருந்து வரலாம். பலமான அடி, அம்ப்பின் எர்த் அறுந்ததாலோ, வீட்டு வயரிங்கில் எர்த்தே இல்லாததாலோ வரும். இரண்டையும் கையால் தொட்டு வேறுபடுத்த முடியாது. பழைய வீடுகளில் உருண்டை ஊசிச் சொக்கெட்டில் எர்த் துளை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. மூன்று ஊசிப் பிளக்கை இரண்டு ஊசி ஆக்கிச் செருகியிருக்கும் இடங்களும் நிறைய. மேடை ஜெனரேட்டரில் ஓடினால் இன்னும் கவனம்.

அனுமதிப்பத்திரம் உள்ள எலக்ட்ரீஷனைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்தச் சொக்கெட்டில் இருந்தபோது அடித்தது, அப்போது ட்ரிப் சுவிட்ச் விழுந்ததா, வேறு எந்தச் சாமானைத் தொட்டபோதாவது அடித்திருக்கிறதா. எர்த் சரியென்று அவர் சொன்ன பிறகும் அடித்தால், அம்ப்பை அம்ப் திருத்துபவரிடம் கொடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள் பிளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும். ட்யூப் அம்ப்பில் அது நூற்றுக்கணக்கான வோல்ட். அம்ப் திரும்பி வரும்வரை கிற்றாரை அதில் செருகாதீர்கள்.